ஆடுவதற்குக் காசு கேட்காதீர்கள்

‘ஓசியில் கொடுத்தால் அருமை தெரியாது.’ உள்ளாட்சி மைதானங்களுக்குக் கட்டணம் வைக்கலாமா என்று பேச்செடுத்தால் முதலில் வந்து விழும் வார்த்தை இதுதான். தஞ்சாவூர் டீக்கடையில் கேட்டிருக்கிறேன். கல்யாண வீட்டுப் பந்தியில் கேட்டிருக்கிறேன். நகராட்சி உறுப்பினராக இருக்கும் நண்பர் ஒருவர் வாயிலிருந்தும் கேட்டிருக்கிறேன். சொல்கிறவர்கள் ஒழுங்காக வரி கட்டுகிறவர்கள். பொதுச்சொத்து பாழாவதைப் பார்த்து மனம் வெதும்பியவர்கள். அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. அவர்கள் சொல்லும் தீர்வு தவறு என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

2024 அக்டோபர் இறுதியில் சென்னை மாநகராட்சி மன்றம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. செயற்கைப் புல் பதித்த ஒன்பது கால்பந்து மைதானங்களைத் தனியார் பராமரிப்பில் விடுவது, ஆட வருகிறவர்களிடம் மணிக்கு ஆளுக்கு 120 ரூபாய் வசூலிப்பது என்பது அதன் சாரம். எதிர்ப்பு கிளம்பியது. மறுநாளே மேயர் பிரியா தீர்மானம் கைவிடப்படுவதாகவும் மைதானங்கள் இலவசமாகவே தொடரும் என்றும் அறிவித்தார். அதை அப்போதே வரவேற்றேன், இன்றும் வரவேற்கிறேன். ஆனால், திரும்பிப் போனது தீர்மானம்தான். அதற்குப் பின்னால் இருந்த எண்ணம் அப்படியே இருக்கிறது. அந்த வாரம் முழுக்க எங்கள் ஊரில் நான் கேட்ட பேச்சு, ‘எதுக்கு வாபஸ் வாங்கினாங்க? நூத்தி இருபது ரூபா ஒரு காசா?’ என்பதுதான்.

இது சென்னையோடு முடிகிற விஷயமும் இல்லை. தஞ்சாவூர் 2014இல் மாநகராட்சி ஆனது, கும்பகோணம் 2021இல் ஆனது. சட்டமன்றத் தொகுதிக்கு ஒரு சிறு விளையாட்டரங்கம் என்று அரசு கட்டிவருகிறது. ஒவ்வொன்றிலும் திறப்பு விழா முடிந்த மறுநாள் எழப்போகும் கேள்வி ஒன்றுதான்: யார் பராமரிப்பது, யாரிடம் எவ்வளவு வாங்குவது? அந்தக் கேள்வி மன்றக் கூட்டத்தில் ஐம்பதாவது பொருளாக வந்து, கை தூக்கி நிறைவேறிவிடுவதற்கு முன்னால் நாம் பேசிவிட வேண்டும்.

கட்டணம் வேண்டும் என்பவர்களின் வாதத்தை அதன் முழு பலத்தோடு முதலில் சொல்லிவிடுகிறேன். ஒன்று, தொகை பெரிதில்லை; ஒரு பிரியாணி விலைகூட ஆகாது. இரண்டு, உபயோகிக்கிறவர்தான் கொடுக்க வேண்டும். மைதானத்துப் பக்கமே வராத கிழவியின் வரிப்பணத்தில் இளவட்டங்கள் பந்தடிப்பது என்ன நியாயம்? மூன்று, வாசலில் ஆள் போட்டுக் காசு வாங்காத இடம் குடிகாரர்கள் கையில் போய்விடும். நான்கு, உள்ளாட்சியிடம் பணம் இல்லை. நான்கும் எடைபோட்டுப் பார்க்க வேண்டிய வாதங்கள். ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

பிரியாணி கணக்கு. பிரியாணியை நாம் தினமும் சாப்பிடுவதில்லை. ஆட்டம் தினசரி விஷயம். ஒரு பையன் மாதத்துக்கு 25 நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் ஆடினால் 3,000 ரூபாய். தேறி வருகிற ஆட்டக்காரனுக்கு ஒரு மணி நேரம் போதாது; இரண்டு மணி நேரம் என்றால் நாளைக்கு 240. அந்த 2024-25ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அரசு வைத்த கூலி 319 ரூபாய். அதாவது அம்மா வெயிலில் வாய்க்கால் தூர்வாரி வாங்கிய கூலியில் முக்கால் பங்கை மகன் மைதான வாசலில் கொடுத்துவிட்டு உள்ளே போக வேண்டும். வீட்டில் இரண்டு பிள்ளைகள் என்றால் ஒன்றுதான் போகும். அந்த ஒன்று எது என்று நம் ஊரில் யாரும் யோசிக்க வேண்டியதில்லை. மகன் போவான். மகள் வீட்டில் இருப்பாள். கட்டணப் பலகையில் ஆண், பெண் என்று எழுதியிருக்காது. ஆனால் அது முதலில் தடுத்து நிறுத்துவது பெண் பிள்ளையைத்தான்.

‘சரி, ஏழைகளுக்கு மட்டும் விலக்கு கொடுத்துவிட்டுப் போகலாமே’ என்பார்கள். பத்து வயதுப் பிள்ளை ரேஷன் கார்டு நகலைக் கையில் வைத்துக்கொண்டு, சேக்காளிகள் பார்த்துக்கொண்டிருக்க, தான் ஏழை என்று வாசலில் நிரூபிக்க வேண்டுமா? ஒரு நாள் நிரூபிக்கும், மறுநாள் வராது. இந்தப் பாடத்தைத் தமிழ்நாடு சோற்றுத் தட்டில் ஏற்கெனவே படித்துவிட்டது. 1956இல் காமராஜர் தொடங்கிய மதிய உணவிலிருந்து, 2023 ஆகஸ்டில் நம் திருக்குவளையில் தொடங்கி மாநிலம் முழுதும் விரிந்த காலை உணவு வரை, பந்தியில் உட்காரும் பிள்ளையிடம் வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை. எல்லாருக்கும் பொது என்று வைத்ததால்தான் யாரும் கூச்சப்படாமல் சாப்பிட்டார்கள். தட்டுக்குச் சரியான நியாயம் திடலுக்கு மட்டும் எப்படித் தப்பாகும்?

இன்னொரு கணக்கையும் பார்க்கலாம். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டி நடந்தது. கபடியில் இரு பிரிவிலும் இந்தியாவுக்குத் தங்கம். ஆண்கள் அணியில் நம் மன்னார்குடிப் பக்கத்து வடுவூர் அபினேஷ் இருந்தார். பெண்கள் அணியில் சென்னையின் மறுகுடியேற்றப் பகுதியான கண்ணகி நகரின் கார்த்திகா இருந்தார். அரசு இருவருக்கும் தலா 25 லட்சம் ரூபாய் கொடுத்துப் பாராட்டியது. மனதார வரவேற்கிறேன். ஆனால் கார்த்திகாவும் அபினேஷும் முதன்முதலாகக் கோட்டுக்குள் காலெடுத்து வைத்த அன்று அவர்கள் யார் என்று யாருக்கும் தெரியாது. அன்று வாசலில் ஒருவர் சீட்டுப் புத்தகத்தோடு நின்றிருந்தால்? ஜெயித்து வந்த பிள்ளைக்கு லட்சக்கணக்கில் கொடுக்கும் அரசின் இன்னொரு கை, தொடங்கும் பிள்ளையிடம் 120 ரூபாய் கேட்கக் கூடாது. அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடம் ஒதுக்கியிருக்கிறோம். மைதானத்தில் காசு வாங்கினால், அந்த 3 சதவீதமும் காசு கொடுத்து ஆட முடிந்த வீட்டுப் பிள்ளைகளுக்கே போய்ச் சேரும்.

இரண்டாவது வாதம், ‘உபயோகிக்கிறவர் கொடுக்கட்டும்’. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் கொடுத்தாயிற்றா இல்லையா என்று முதலில் பார்க்க வேண்டாமா?

தஞ்சாவூரைச் சுற்றி வல்லம் சாலையிலும் புதுக்கோட்டைச் சாலையிலும் எத்தனை மனைப்பிரிவுகள்! பெரிய மனைப்பிரிவு போடுகிறவர், சாலை போக மீதி நிலத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. அந்த இடத்தின் விலையை மனை விற்றவர் தன் கையிலிருந்தா போட்டார்? மனை வாங்கிய ஒவ்வொருவரின் தலையிலும் சதுர அடிக் கணக்கில் ஏற்றினார். பூங்காவுக்கும் திடலுக்கும் உரிய நிலத்துக்கு மக்கள் முன்பணமாகவே கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வீட்டு வரி கட்டுகிறார்கள். 2022இல் அந்த வரி உயர்ந்தது. அதற்குப் பிறகும் ஏறியது. விளையாட்டரங்கக் கட்டிடம் எழுப்பிய பணம் மாநில, மத்திய அரசுகளின் நிதி. அதுவும் நாம் கட்டிய வரிதான். மூன்று முறை கொடுத்த பிறகு நான்காவது முறை வாசலில் கேட்பதுதான் இந்தக் கட்டணம்.

சட்டமும் இதைத் தெளிவாகச் சொல்கிறது. அரசமைப்பின் 74ஆவது திருத்தம் கொண்டுவந்த 12ஆம் அட்டவணையில், நகர உள்ளாட்சிகளுக்கு உரிய பணிகளின் வரிசையில் பூங்கா, தோட்டம், விளையாட்டுத் திடல் ஆகிய வசதிகளைச் செய்து தருவதும் உண்டு. தெரு விளக்கும் அந்த அட்டவணையில்தான் இருக்கிறது. தெரு விளக்கு வெளிச்சத்தில் நடந்து போனதற்கு யாரும் ரசீது கொடுப்பதில்லை.

வரிக்கும் கட்டணத்துக்கும் உள்ள வேறுபாட்டை 1954இல் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. அது நம் சென்னை மாகாணத்திலிருந்து போன சிரூர் மடம் வழக்கு. செய்த சேவைக்கு ஈடாக வாங்குவது கட்டணம்; பொது வருவாய்க்காக வாங்குவது வரி என்று அந்தத் தீர்ப்பு பிரித்துக் காட்டியது. பின்னாளில் வந்த தீர்ப்புகள் காசுக்குக் காசு ஈடு காட்ட வேண்டியதில்லை என்று அளவுகோலைத் தளர்த்தின. ஆனாலும் வாங்கும் தொகைக்கும் தரும் சேவைக்கும் பொருத்தமான தொடர்பு வேண்டும் என்ற அடிப்படை நிற்கிறது. மைதானத்தை ‘வருவாய் இனமாக’ மாற்ற வேண்டும் என்று பேசுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். லாபம் எதிர்பார்த்து வாங்கினால் அதற்குக் கட்டணம் என்ற பெயர் பொருந்தாது.

கிழவிக்கு என்ன லாபம் என்ற கேள்விக்கு நூலகம் பதில் சொல்லும். சுதந்திர இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது 1948இல் சென்னை மாகாணம். அதன்படி வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்து வசூலாகிறது. இன்று அது வீட்டு வரியில் 10 சதவீதம். எழுதப் படிக்கத் தெரியாத கிழவியின் வீட்டுக்கும் அந்த வரி உண்டு. அவர் ஒருநாளும் ‘நான் எங்கே படிக்கிறேன்?’ என்று கேட்டதில்லை. பேரன் அங்கே உட்கார்ந்து போட்டித் தேர்வுக்குப் படித்தான், வேலைக்குப் போனான். அவருக்கு அது போதும். நூலகத்தில் ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று வாங்கியிருந்தால் தமிழ்நாட்டில் எத்தனை பேர் படித்திருப்பார்கள்?

உடல்நலக் கணக்கும் உண்டு. நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு 2023இல் சொன்னது. தமிழக அரசு 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்று சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கிறது. நல்ல திட்டம். நோய் வந்தவரின் வீடு தேடி மாத்திரையை இலவசமாகக் கொடுக்கிற அரசு, நோய் வராமல் இருக்க ஓட வருகிறவரை வாசலில் நிறுத்திக் காசு கேட்டால் கணக்கு எங்கே உதைக்கிறது என்று பார்க்க வேண்டாமா?

இங்கே கொஞ்சம் நிறுத்தி, எங்கள் காவிரி டெல்டாவின் சங்கதியைச் சொல்ல வேண்டும். வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள்: பச்சைப் பசேல் என்று கண்ணுக்கெட்டிய தூரம் வயல், பிள்ளைகள் ஆட இடமா இல்லை? உண்மையில் ஆட இடமே இல்லாத ஊர் எங்கள் ஊர்தான். நஞ்சை நிலத்தில் ஒரு சாண் சும்மா கிடக்காது. ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால் குறுவை. அது முடிவதற்குள் சம்பா. தை, மாசியில் சம்பா அறுப்பதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னாலேயே, நிற்கிற பயிருக்குள் உளுந்தையும் பயறையும் விதைத்துவிடுவார்கள். கதிர் அறுத்த கையோடு அடியில் உளுந்து தலைகாட்டும். அதைப் பறித்து முடிக்கப் பங்குனி, சித்திரை ஆகிவிடும். போர்வெல் வைத்திருப்பவர்கள் கோடை நெல் போடுகிறார்கள்; பருத்தி போடுகிறார்கள். மிச்சமிருக்கும் தரிசில் ஆட்டுக்கிடை போடுகிறார்கள். ஊர்க் களத்தை நம்பலாம் என்றால், பொங்கல் கழிந்ததும் அங்கே நேரடி நெல் கொள்முதல் நிலையம் வந்துவிடும். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது என்று திருப்பிவிட்ட நெல், தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நாள்கணக்கில் அங்கேயே காயும். நாற்பது கிலோ சிப்பங்கள் அட்டி போட்டு நிற்கிற இடத்தில் யார் பந்தடிப்பது?

ஆகக் கூடி எங்கள் பிள்ளைகளுக்கு இயற்கை கொடுக்கும் திடல் சித்திரைக்கும் வைகாசிக்கும் நடுவே ஆறேழு வாரம். அதுவும் கத்திரி வெயிலில். போன மே மாதம் ஒரு சாயங்காலம் உளுந்து பறித்த வயலில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். களிமண் காய்ந்து, கால் விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு. பிட்ச் போட வேண்டிய இருபது கஜத்தை மட்டும் கட்டி உடைத்து, குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து தெளித்து, கட்டையால் தட்டிச் சமப்படுத்தியிருந்தார்கள். வரப்பில் பட்டால் நாலு, தாண்டினால் ஆறு. பந்து வெடிப்புக்குள் போனால் குச்சி விட்டுக் கிளறி எடுக்க வேண்டும். ஒரு பையன் கணுக்கால் பிசகி வரப்பில் உட்கார்ந்திருந்தான். ஏன் தம்பி, கிரவுண்டுக்குப் போகக் கூடாதா என்றேன். ‘கிரவுண்டு எங்கண்ணே இருக்கு? தண்ணி வந்துட்டா இந்த வயலும் போயிடும். அதுக்குள்ள ஒரு டோர்னமெண்ட் நடத்திடணும்’ என்றான். ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டுப் பந்து வாங்கியிருந்தார்கள். கணக்கை ஒரு பையன் செல்போனில் எழுதி வைத்திருந்தான். யார் யார் பாக்கி என்பது உட்பட.

‘ஓசி’ என்ற சொல்லை இந்தப் பையன்கள் முகத்தைப் பார்த்து யாராவது சொல்ல முடியுமா? பந்து அவர்கள் காசு. மட்டை அவர்கள் காசு. கோடு போடும் சுண்ணாம்புப் பொடி அவர்கள் காசு. பொங்கல் கபடிக்கு வீடு வீடாக வசூல் நோட்டைத் தூக்கிக்கொண்டு அலைவது அவர்கள். ஆட்டத்துக்கு ஆகும் எல்லாவற்றுக்கும் பணம் போட்டுவிட்டு, தங்களால் ஒருநாளும் விலைக்கு வாங்க முடியாத ஒன்றை மட்டும் அவர்கள் ஊரிடம் கேட்கிறார்கள். அது நிலம். நிலம் தருவதற்கு ஊரால் மட்டுமே முடியும். அதற்காகத்தான் ஊராட்சி, நகராட்சி என்று ஒன்றை வைத்திருக்கிறோம்.

அரசுக்கும் இது தெரியாததில்லை. 2024இல் கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் திட்டத்தில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகளுக்கு 33 வகைப் பொருள்களைக் கொடுத்தார்கள். ஊராட்சிக்கு வந்த பந்தும் வலையும் ஆடப்படுவதற்கு இடம் வேண்டும். அந்த இடத்துக்கு வாசலும் விலையும் வைத்தால், கொடுத்த பொருளை நாமே பூட்டி வைத்ததாக ஆகும்.

மூன்றாவது வாதம்: கட்டணம் இல்லாவிட்டால் பாழாகும். இது நம் பயத்திலிருந்து வருகிறது, அனுபவத்திலிருந்து வரவில்லை. அனுபவம் வேண்டும் என்றால் ஒரு சாயங்காலம் தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போங்கள். உலகப் பாரம்பரியச் சின்னம் அது. உள்ளே நுழையச் சீட்டு கிடையாது. புல்வெளியில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளைகள் நந்தி மண்டபத்தைச் சுற்றி ஓடுவார்கள். ஆயிரம் ஆண்டு கடந்த கோயில் இலவசத்தால் பாழாகவில்லை. அங்கே தினமும் பெருக்குகிறார்கள், காவலுக்கு ஆள் இருக்கிறார், எந்நேரமும் ஜனம் இருக்கிறது. ஒரு பொது இடத்தைக் காப்பாற்ற இந்த மூன்றும் போதும்.

குடிகாரர்கள் வருவது ஆட்டம் நடக்கும் இடத்துக்கு அல்ல, ஆட்டம் நின்றுபோன இடத்துக்கு. விளக்கில்லாத, ஆளில்லாத, பூட்டிக் கிடக்கும் திடலில்தான் இரவில் பாட்டில் உடைகிறது. காலையில் அந்தக் கண்ணாடிச் சில்லைப் பொறுக்குகிறவர்கள் யார் என்று பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். வாலிபால் ஆட வந்த பையன்கள் வரிசையாகக் குனிந்து, சிமெண்டுச் சாக்கில் சில்லு பொறுக்கிப் போட்டுவிட்டுத்தான் வலை கட்டினார்கள். வெறுங்காலோடு ஆடுகிறவர்களுக்கு அந்தக் கண்ணாடியின் அருமை தெரியும். காசு வாங்கிக்கொண்டு அவர்களைப் பாதிப் பேராகக் குறைத்தால், பொறுக்கும் கைகளும் பாதியாகும்.

பொதுவில் இருப்பது அழிந்தே தீரும் என்று 1968இல் காரெட் ஹார்டின் எழுதினார். கட்டணக்காரர்கள் அறிந்தோ அறியாமலோ அவர் வாதத்தைத்தான் சொல்கிறார்கள். அனுபவிக்கிறவர்களே விதி வகுத்துக் கூடிக் காப்பாற்றிய நீர்ப்பாசனங்களையும் காடுகளையும் மீன்பிடி நீர்களையும் ஆராய்ந்து, அழிந்தே தீர வேண்டியதில்லை என்று காட்டியவர் எலினோர் ஆஸ்ட்ரம். 2009இல் அவருக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது. காவிரிக் கரைக்காரனுக்கு இது புதுச் செய்தி இல்லை. வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு வந்து வாய்க்கால் வெட்டிய குடிமராமத்து நம்முடையது. தண்ணீர் பாய்ச்ச முறை வைத்துக்கொண்ட ஊர்களுக்கு, திடலில் முறை வைத்துக்கொள்ளத் தெரியாதா? காலையில் நடப்பவர்கள், சாயங்காலம் பெண் பிள்ளைகள், அடுத்து கபடி, அடுத்து வாலிபால் என்று ஆடுகிறவர்களைக் கூட்டிவைத்துப் பேசினால் ஒரே அமர்வில் முடியும்.

கடைசி வாதம்தான் கனமானது: பணம் இல்லை. பராமரிக்கப் பணம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. அந்தப் பணம் வாசலில் கிடைக்கும் என்பதைத்தான் மறுக்கிறேன்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். நாளைக்கு அறுபது பேர் வருகிறார்கள், ஆளுக்குப் பத்து ரூபாய் என்று வையுங்கள். மாதம் 18,000. அதை வசூலிக்கக் காலையில் ஒரு ஆள், மாலையில் ஒரு ஆள், சீட்டு, கணக்கு, சுற்றுச்சுவர், கேட்டு. சம்பளம் கொடுத்த பிறகு மண் அடிக்க என்ன மிஞ்சும்? கட்டணத்தைக் கூட்டினால் அறுபது பேர் இருபது பேர் ஆவார்கள். கடைசியில் வசூலிப்பதற்காகவே வசூலித்துக்கொண்டிருப்போம்.

அதனால்தான் பேச்சு எப்போதும் குத்தகையில் போய் முடிகிறது. குத்தகை எப்படி நடக்கும் என்று பேருந்து நிலையத்து வண்டி நிறுத்தத்தில் பார்த்துவிட்டோம். ஓர் ஊரில் பலகையில் ஐந்து ரூபாய் என்று எழுதியிருந்தது. என்னிடம் பத்து வாங்கினார்கள். கேட்டதற்கு, ‘ஏலம் எவ்வளவுக்குப் போச்சுன்னு தெரியுமா சார்?’ என்றார் சீட்டுக் கிழித்தவர். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. போட்ட பணத்தை எடுக்க வேண்டியவர் அப்படித்தான் நடப்பார். மைதானத்தைக் குத்தகை எடுத்தவரும் அப்படித்தான். சாயங்காலம் ஐந்திலிருந்து எட்டு வரை அதிகம் கொடுப்பவர்களுக்குப் போகும். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு உச்சிவெயில் மிஞ்சும்.

செலவு ஏன் ஏறுகிறது என்றும் பார்க்க வேண்டும். கபடிக்கும் வாலிபாலுக்கும் ஓட்டத்துக்கும் எங்கள் ஊர் கேட்பது எளிது: களிமண்ணின் மேல் நல்ல செம்மண் அடித்து ரோலர் ஓட்டுவது, ஐப்பசி கார்த்திகை மழை வடிய வாய்க்கால், இரண்டு விளக்கு, குடிதண்ணீர்க் குழாய், பெண்களுக்குக் கதவு சாத்துகிற கழிப்பறை. திறப்பு விழாவுக்குப் பார்வையாக இருக்கும் என்று செயற்கைப் புல்லை விரித்துவிட்டு, சில ஆண்டுகளில் அதை மாற்ற வேண்டும், பணம் இல்லை, ஆகவே பிள்ளைகளிடம் வாங்குவோம் என்பது முறையல்ல. எதைக் கட்டினால் ஊரால் காப்பாற்ற முடியும் என்று யோசித்துக் கட்டுங்கள்.

அப்படியானால் கட்டணமே கூடாதா? கூடும். எங்கே என்பதில்தான் என் வாதம் முழுவதும் இருக்கிறது. ஆடுவதற்குக் கட்டணம் கூடாது. அடைப்பதற்குக் கட்டணம் வேண்டும். ஒருவர் உள்ளே வருவதால் இன்னொருவர் வெளியே போக வேண்டியதில்லை என்றால் அங்கே காசு வாங்க நியாயம் இல்லை. ஒருவர் மொத்த இடத்தையும் தனக்கென அடைத்துக்கொண்டு ஊரை வெளியே நிறுத்துகிறார் என்றால், அந்த இழப்பை ஊருக்கு ஈடுசெய்ய வேண்டும். பொருட்காட்சி போடுகிறவர், கட்சிக் கூட்டம் நடத்துகிறவர், சினிமா எடுக்கிறவர், விளம்பரதாரர் பணத்தில் பெரிய போட்டி நடத்துகிறவர், மாதச் சந்தா வாங்கிப் பயிற்சி மையம் நடத்துகிறவர் ஆகியோரிடம் வாங்குங்கள், நன்றாகவே வாங்குங்கள். போன பிறகு ஆணியும் குழியும் இல்லாமல் திடலைத் திருப்பித் தர முன்பணமும் வாங்குங்கள். இன்று பல ஊர்களில் நடப்பது இதற்கு நேர்மாறு. கூட்டம் போடுகிறவருக்கு மேலிடத்திலிருந்து போன் வந்தால் போதும், பிள்ளைகளுக்குத்தான் விதி.

உள்ளரங்க ஷட்டில் கோர்ட்டில் நான்கு பேர் ஆடினால் மற்றவர்கள் காத்திருக்க வேண்டும் என்பது உண்மை. அங்கே சம்பாதிக்கிற வயதினரிடம் அளவான மாதக் கட்டணம் வாங்கலாம். 18 வயது வரை கூடாது. நீச்சல் குளத்துக்குத் தண்ணீரும் காவலரும் வேண்டும், செலவு உண்டு. பெரியவர்கள் கொடுக்கட்டும். ஆனால் ஐந்து ஆறு ஓடும் ஊரில் பிள்ளைக்கு நீச்சல் கற்றுக்கொடுப்பது உயிர் காக்கும் வேலை. ஆற்றில் குளிக்கப் போன பிள்ளை திரும்பவில்லை என்ற செய்தியைப் படித்துப் படித்து நமக்குப் பழகிவிட்டது, பழகியிருக்கக் கூடாது. அந்தப் பயிற்சிக்கு ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது.

பணக்கார நாடுகள் எல்லாவற்றுக்கும் காசு வாங்குகின்றன என்பார்கள். நம்மவர்கள் நிறையப் பேர் வாழும் சிங்கப்பூரைப் பார்ப்போம். அங்கே உள்ளரங்குக்கும் நீச்சல் குளத்துக்கும் கட்டணம் உண்டு. ஆனால் 2014இல் ஆக்டிவ்எஸ்ஜி என்ற விளையாட்டுத் திட்டத்தைத் தொடங்கியபோது, உறுப்பினராகப் பதிவு செய்த குடிமக்களுக்கு 100 வெள்ளியை அரசே கணக்கில் போட்டு, வந்து ஆடுங்கள் என்று கூப்பிட்டது. பள்ளி மைதானங்களைப் பள்ளி நேரம் போக ஊருக்குத் திறந்துவிடும் ஏற்பாடும் அங்கே உண்டு. நம் அரசுப் பள்ளி மைதானங்கள் நாலரை மணிக்குப் பூட்டினால் மறுநாள் காலைதான் திறக்கின்றன. புதிதாக ஏக்கர் வாங்க வேண்டாம். அந்தப் பூட்டைத் திறந்தால் டெல்டாவில் ஊருக்கு ஒரு திடல் இன்றைக்கே கிடைக்கும்.

கட்டணத்தை யார் தீர்மானிப்பது என்பதையும் மாற்ற வேண்டும். பொறியியல் பிரிவு குறிப்பு எழுதி, மன்றத்தில் ஒரு நிமிடத்தில் நிறைவேறுவது போதாது. நகரத்தில் பகுதி சபை இருக்கிறது. கிராமத்தில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. திடலில் ஒரு ரூபாய் வாங்குவதாக இருந்தாலும் அங்கே வைத்துப் பேசட்டும். அடைப்புக் கட்டணத்தில் வந்த பணம் பொதுக் கணக்கில் கலக்காமல் அந்தத் திடலுக்கே செலவாகட்டும். எவ்வளவு வந்தது, எத்தனை லோடு மண் அடித்தது என்று வாசலில் எழுதிப் போடட்டும்.

அடுத்த ஆகஸ்ட் 15 கிராம சபையில் எங்கள் ஊரில் இந்தத் தீர்மானத்தை நான் எழுதிக் கொடுக்கப்போகிறேன். நீங்களும் உங்கள் ஊரில் கொடுங்கள். இரண்டே வரி போதும்: ‘இந்த ஊராட்சியின் திடல்களில் ஆடுவதற்குக் கட்டணம் கிடையாது. திடலைத் தனியாக அடைத்துக்கொள்ள விரும்புகிறவர் சபை வைத்த கட்டணத்தைக் கட்ட வேண்டும்.’ அன்றைக்கு வயலில் தண்ணீர் நிற்கும். நாற்று பச்சை கட்டியிருக்கும். மே மாதம் அங்கே ஆடிய பையன்கள் ஆட இடமில்லாமல் மதகுக் கட்டையில் உட்கார்ந்திருப்பார்கள். கூட்டத்துக்கு அவர்களையும் கூட்டி வாருங்கள். கையெழுத்துப் போடுகிற வயது ஆகாதவர்களாக இருந்தாலும் பரவாயில்லை. யாருடைய திடலைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைப் பெரியவர்கள் கண்ணால் பார்த்துவிட்டுக் கை தூக்கட்டும்.